மிலோஸ் தீவில் கயாக்: வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் வீணா?

கேள்வி: செப்டம்பரில் கிரேக்கத்தின் மிலோஸ் தீவுக்குக் குடும்பத்தோடு போகிறோம். நீச்சல் ஓரளவு தெரியும். கடலில் கயாக் (துடுப்பால் வலிக்கும் ஒடுக்கமான சிறு படகு) ஓட்டியதில்லை. வழிகாட்டியோடு போகும் ஒருநாள் பயணத்துக்கு நிறையப் பணம் கேட்கிறார்கள். கயாக்கை மட்டும் வாடகைக்கு எடுத்துக் கரையோரமாகவே போய்வந்தால் போதாதா?

போதாது. கரையோரமாகப் போகிறீர்களா இல்லையா என்பது மிலோஸில் உங்கள் கையில் இல்லை, காற்றின் கையில் இருக்கிறது.

உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கொழுந்தனாரின் குரலே காதில் கேட்டது. அவர் இந்தத் தளத்தின் பக்கமே வருவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் கடல் விளையாட்டு வல்லுநர் இல்லை, தணிக்கை அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள். எந்தக் கயாக் நிறுவனத்திடமும் எனக்குக் கமிஷன் கிடையாது. அதனால்தான் நிறுவனத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. "நான் தனியாகப் போனேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று கீழே எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு: மகிழ்ச்சி. காற்று இல்லாத நாளில் போயிருப்பீர்கள். அப்படிப்பட்ட நாள்கள் அங்கே நிறையவே உண்டு. எது அப்படிப்பட்ட நாள் என்று காலை எட்டு மணிக்கே சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அந்தப் பணம்.

மிலோஸ் ஓர் எரிமலைத் தீவு. சைக்லடீஸ் தீவுக்கூட்டத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. கோடையில் ஏஜியன் கடல் முழுவதும் வடக்கிலிருந்து வாடைக்காற்று வீசும். அதற்கு அங்கே மெல்டெமி என்று பெயர். ஜூலையிலும் ஆகஸ்டிலும் உக்கிரமாக இருக்கும். செப்டம்பரில் தணியும், ஆனால் ஓய்ந்துவிடாது. வாடைக்காற்று வீசும் நாளில் வடகரையில் சராகினிகோவின் வெள்ளைப் பாறைகள் மேல் அலை ஏறி உடையும். அங்கே கயாக்கை இறக்கவே முடியாது. அதே நேரத்தில் தென்கரையில் செங்குத்துப் பாறைகளின் மறைவில் கடல் அசையாமல் கிடக்கும். புதிதாக வருபவர் அதைப் பார்த்து, "இதற்கா வழிகாட்டி?" என்பார்.

ஆபத்தே அந்த அமைதியில்தான் இருக்கிறது. காற்று உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து, தீவுக்கு மேலாக, கடலை நோக்கி வீசுகிறது. பாறையை ஒட்டி இருக்கும்வரை அது உங்கள் தலைக்கு மேல் போய்விடும். மலை தாழ்ந்து பள்ளத்தாக்காகத் திறக்கும் இடத்தில் அதுவே கீழே இறங்கி உங்களைத் தள்ளும். எங்கே தள்ளும்? தெற்கே கிரீட் தீவு வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் கடல். கரையை விட்டு விலக விலக அலையும் பெரிதாகும். திரும்பி வர நினைக்கும்போது காற்று நேர் எதிரில் இருக்கும். கடற்கரையில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மேலே உட்கார்ந்து ஓட்டும் அகலமான பிளாஸ்டிக் கயாக்குகள். அவற்றில் ஆள் உயரமாக உட்கார்ந்திருப்பதால் காற்று நன்றாகப் பிடித்துத் தள்ளும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். நானும் கணவரும், கொழுந்தனாரும் ஓரகத்தியும். நாங்கள் பதிவு செய்திருந்தது கிளெஃப்டிகோவுக்கு. தீவின் தென்மேற்கு முனையில் வெள்ளைப் பாறைகள் வளைவுகளும் குகைகளுமாகக் கடலுக்குள் நிற்கும் இடம். ஒரு காலத்தில் கடற்கொள்ளையர் ஒளிந்த இடம் என்பார்கள். காலையில் வழிகாட்டி வந்தார்: ஐம்பது வயதைத் தாண்டிய தீவுக்காரர், அதிகம் பேசாதவர். வந்ததும் சொன்ன முதல் செய்தியே, "இன்று கிளெஃப்டிகோ இல்லை" என்பதுதான்.

கொழுந்தனாருக்கு வந்ததே கோபம்! "பணம் கொடுத்தது அதற்குத்தானே, அண்ணி? வெயில் அடிக்கிறது, வானத்தில் மேகமே இல்லை!" வழிகாட்டி பொறுமையாக விளக்கினார். காற்றின் வேகத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் காலையில் 4, பிற்பகலில் 5 ஆகும் என்று முன்னறிவிப்பு. 5 என்றால் மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர் வேகம். அந்த முனையில் காற்றும் அலையும் மேற்கிலிருந்து வளைந்து உள்ளே வரும். கிளெஃப்டிகோவுக்குச் சாலை கிடையாது. படகில் போக வேண்டும், இல்லாவிட்டால் மலைமேல் நடக்க வேண்டும். நடுவில் யாருக்காவது கை ஓய்ந்துபோனால் வண்டியை வரவழைத்து ஏற்றிக்கொண்டு வர வழியில்லை. அதனால் பாலியோகோரி கடற்கரையில் இறங்கி, பாறையை ஒட்டி மேற்கே போய், வெயில் உச்சிக்கு ஏறும் முன் திரும்பிவிடலாம் என்றார். எனக்கும் முகம் வாடியது உண்மை. ஆனால் கணக்குப் பார்ப்பவளுக்கு, காரணத்தோடு "இல்லை" என்று சொல்பவரைக் கண்டால் தானாகவே மரியாதை வந்துவிடும். என் வேலையில் பாதி அதுதான்.

கரையிலேயே அரை மணி நேரத்துக்கு மேல் பாடம். இருக்கை, கால் மிதி, துடுப்பைத் தோளளவு அகலமாகப் பிடிப்பது. கையால் இழுக்காதீர்கள், இடுப்பைத் திருப்பி உடம்பால் துடுப்பு வலியுங்கள் என்றார். இரவு கை வலித்தால் தவறாக வலித்திருக்கிறீர்கள், விலாவும் வயிறும் வலித்தால் சரியாக வலித்திருக்கிறீர்கள் என்று அர்த்தமாம். (எனக்கு இரண்டும் வலித்தன.) தண்ணீர் உள்ளே வராமலிருக்க இடுப்பில் பாவாடைபோல் ஒன்றைக் கட்டி, அதன் விளிம்பை இருக்கையின் வாயில் மாட்டுகிறார்கள். அதன் முன்பக்கம் ஒரு வளையம் இருக்கும். அது உள்ளே மடிந்துபோகாமல் வெளியே தெரிகிறதா என்று ஒவ்வொருவர் படகிலும் குனிந்து பார்த்தார். கயாக் கவிழ்ந்தால் அந்த வளையத்தை இழுத்தால்தான் பாவாடை கழன்று நீங்கள் வெளியே வர முடியும். பிறகு ஆழமில்லாத இடத்தில் எங்களைக் கவிழ்ந்து பார்க்கவும் சொன்னார். எனக்கு அதுதான் மிகப் பெரிய பயமாக இருந்தது. ஒருமுறை கவிழ்ந்து, வளையத்தை இழுத்து, தும்மிக்கொண்டே மேலே வந்த பிறகு பயம் பாதியாகிவிட்டது. கொழுந்தனார் மட்டும், "எனக்கு வேண்டாம், நான் கவிழமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

பாலியோகோரியில் கடலுக்கு அடியிலிருந்து வெந்நீரும் வாயுவும் கசிகின்றன. கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கயாக்குக்குக் கீழே குமிழிகள் வரிசை வரிசையாக ஏறி வந்தன. அடிமணலில் வெள்ளையும் மஞ்சளுமாகத் திட்டுகள். கந்தக வாடை மூக்கைத் துளைத்தது. வழிகாட்டி எங்களை நிறுத்தி, தண்ணீரில் கையை விடச் சொன்னார். ஓரிடத்தில் குளிர்ச்சி, ஒரு முழம் தள்ளி வெதுவெதுப்பு. தீவின் கிழக்குக் கரையில் 1950களின் கடைசிவரை இயங்கிய கந்தகச் சுரங்கம் ஒன்று பாழடைந்து நிற்கிறதாம். இன்றைய காற்றுக்கு அந்தப் பக்கம் போக முடியாது என்று அதையும் கையைக் காட்டியே முடித்துவிட்டார். பாறைகளோ சிவப்பு, மஞ்சள், சாம்பல், இடையிடையே சுண்ணாம்பு வெள்ளை. கிளெஃப்டிகோவைப் பார்க்காத வருத்தம் எனக்கு அங்கேயே போய்விட்டது. படம் எடுக்கத் துடுப்பைக் கீழே வைத்தால் கயாக் தானாகக் கடல்பக்கம் நகர்ந்தது. அதனால் படங்கள் குறைவு.

அகியா கிரியாகி விரிகுடாவின் வாய்க்கு வந்ததும் எல்லோரையும் நிறுத்தினார். "நேராகக் குறுக்கே போகாதீர்கள். என் பின்னால் கரையோடு வளைந்து வாருங்கள்." எதிர்முனை கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. கரையோடு வளைந்தால் இரண்டு மடங்கு தூரம். கடல்மேல் அங்கங்கே கருமையாகச் சிலிர்த்த திட்டுகளை அவர் கையால் காட்டினார். காற்று இறங்கும் இடங்கள் அவை. நாங்கள் வளைந்தோம். கொழுந்தனார் நேராக விட்டார். இரட்டைக் கயாக்கில் சுக்கான் மிதி பின்னால் இருப்பவர் காலடியில் இருக்கும். பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவர். முன்னால் இருந்த ஓரகத்தி வலித்ததெல்லாம் அவர் திருப்பிய பக்கமே போனது, பாவம்.

நடு வழியில் காற்று அவர்களைப் பிடித்தது. கவிழவில்லை, அலறவில்லை, சினிமாபோல் எதுவும் நடக்கவில்லை. இருவரும் முழு மூச்சாக வலித்துக்கொண்டே இருந்தார்கள், கயாக் தெற்கே போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அடுத்து வழிகாட்டி செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் உடனே அவர்கள் பின்னால் பாயவில்லை. முதலில் எங்கள் மற்ற கயாக்குகளைப் பாறை மறைவில் பக்கம் பக்கமாகச் சேர்த்து, ஒருவர் கயாக்கை மற்றவர் பிடித்துக்கொள்ள வைத்தார். அப்படிச் சேர்ந்து நின்றால் கவிழாது. "நான் வரும்வரை கையை விடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு, வானொலிக் கருவியில் யாரிடமோ இரண்டு வரி பேசினார். பிறகுதான் போனார். இடுப்புப் பையிலிருந்த கயிற்றை அவர்கள் கயாக்கின் முன்மூக்கில் மாட்டி, தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஒரே சீராக வலித்து இழுத்து வந்தார். நேரம் பிடித்தது. வந்து சேர்ந்த பிறகும் ஒரு வார்த்தை திட்டவில்லை. தண்ணீர் குடிக்கச் சொன்னார், அவ்வளவே. திட்டும் பொறுப்பை ஓரகத்தி முழுமையாக எடுத்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு இதே சம்பவத்தைக் கொழுந்தனார் என் மாமியாரிடம் சொன்னது: "வழிகாட்டி கொஞ்ச தூரம் எங்களோடு பேசிக்கொண்டே வந்தார்."

அவருடைய இன்னொரு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் தோன்றக்கூடும். முந்தின நாள் அடமாஸ் துறைமுகத்தில் சுரங்க அருங்காட்சியகம் பார்த்திருந்தோம். மிலோஸில் கிடைக்கும் கறுப்பு எரிமலைக் கண்ணாடிக்கல், பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே கிரேக்கப் பெருநிலத்தில் பிராங்க்தி குகையில் வாழ்ந்தவர்கள் கைக்குப் போயிருக்கிறது. கடலைத் தாண்டாமல் அது போயிருக்க முடியாது. "அவர்களுக்கு யார் வழிகாட்டி, அண்ணி?" என்று கேட்டார். அவர்களில் திரும்பி வராதவர்களின் கல் குகைக்குப் போய்ச் சேர்ந்திருக்காதே என்றேன். அன்று இரவு சாப்பாட்டின்போது பேச்சு அத்தோடு நின்றது.

"நீச்சல் ஓரளவு தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது போதும், லைஃப் ஜாக்கெட்டை யாரும் கழற்றவிடமாட்டார்கள். எனக்கும் ஓரளவுதான் தெரியும். அது ஏன் ஓரளவோடு நின்றது என்று கேளுங்கள். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நீச்சல்குளம் உண்டு. வீடு வாங்கும்போது அதைக் காட்டித்தான் விற்றார்கள். பெண்களுக்கு ஒதுக்கிய நேரம் காலை பத்திலிருந்து பதினொன்று. வேலைக்குப் போகும் பெண் எவள் பத்து மணிக்கு வந்து நீந்துவாள்? பிறகு, "பெண்கள் யாரும் வருவதில்லை" என்று அந்த நேரத்தையும் எடுத்துவிட்டார்கள். அடுத்து ஓடு பெயர்ந்தது என்று குளத்தையே மூடினார்கள். பராமரிப்புக் கட்டணத்தில் மட்டும் நீச்சல்குளம் என்ற வரி மாதந்தோறும் தவறாமல் வருகிறது. பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்கைக் கேட்டேன். "மேடத்துக்கு எல்லாவற்றையும் தணிக்கை செய்யும் பழக்கம்" என்று செயலாளர் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். கணக்கு இன்றுவரை வரவில்லை. இதற்கும் மிலோஸுக்கும் தொடர்பில்லைதான்; ஆனாலும் கடலில் கவிழ்ந்து எழுந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தச் செயலாளர் முகம்தான்.

சரி, உங்கள் காரியம். பதிவு செய்வதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? கரையில் கவிழ்ந்து எழும் பயிற்சி உண்டா? காற்று மாறினால் வேறு கரைக்கு அழைத்துப்போவார்களா, அல்லது பயணமே ரத்தா? "காற்றைப் பார்த்து அன்று காலையில்தான் இடத்தைச் சொல்வோம்" என்று பதில் வந்தால் தயங்காமல் பணம் கட்டுங்கள். "எந்தக் காற்றிலும் கிளெஃப்டிகோ நிச்சயம்" என்பவரை விட்டுவிடுங்கள். தீவில் தங்கும் நாள்களின் தொடக்கத்திலேயே பதிவு செய்தால், காற்றுக்காகத் தள்ளிப்போட இடம் இருக்கும். கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். காற்று பலமானால் கப்பலும் நிற்கும். முழுக்கைச் சட்டை, கண்ணாடிக்குக் கயிறு, நனைந்தால் கவலையில்லாத செருப்பு. தொப்பியைத் தாடையில் கட்டிக்கொள்ள வேண்டும். என் கணவரின் தொப்பி இப்போது கிரீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

எவ்வளவு கொடுத்தோம் என்று தனிச்செய்தியில் கேட்க வேண்டாம். சொந்தக்காரர்களிடமே நான் இன்னும் சொல்லவில்லை.