நொச்சியும் ஒன்பது மில்லிமீற்றரும்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் திருகோணமலையில் இறுதியாண்டு மாணவி. நொச்சி இலை ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் பக்டீரியாவைத் தடுக்குமா என்பதுதான் என் ஆய்வு. யூலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு வேலியில் இலை பறித்து, நிழலில் உலர்த்தி, 100 கிராம் தூளை 500 மில்லிலீற்றர் மெதனோலில் 72 மணித்தியாலம் ஊற வைத்தேன். வடித்து, நீர்த்தொட்டியில் வற்றவிட்டு, மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராம் வீதம் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்தேன். ஒரு கிண்ணத்துக்கு 15 மில்லிலீற்றர் நியூட்ரியன்ட் ஏகர் என்ற வளர்ப்புக் கூழ் ஊற்றி, 6 மில்லிமீற்றர் குழி வெட்டி, குழிக்கு 100 மைக்ரோலீற்றர் விட்டேன். மூன்று குழிகளைச் சுற்றியும் பக்டீரியா வளராத வலயம் 16, 15, 17 மில்லிமீற்றர் விட்டத்தில் வந்தது. கட்டுப்பாட்டுக் குழியில் காய்ச்சி வடித்த நீர் விட்டேன். அதில் வலயம் இல்லை.

டிசம்பரில் அதே வேலியில் பறித்துத் திரும்பச் செய்தபோது 10, 9, 10தான் வந்தது. இம்முறை கட்டுப்பாட்டுக்கு டி.எம்.எஸ்.ஓ. மட்டும் விட்டேன். அதிலும் 9 மில்லிமீற்றர்! மழைக்காலத்தில் நொச்சிக்கு வீரியம் குறைந்துவிடுமா? ஆறு எண்களையும் கூட்டிச் சராசரி 12.8 என்று எழுதலாமா? இரண்டு தடவை அரைத்த தூளிலும் 60 கிராம் அளவில் மிச்சம் இருக்கிறது. ஒப்படைக்க ஆறு கிழமைதான் உள்ளது.

— ஒரு மாணவி, திருகோணமலை

அன்புள்ள மாணவிக்கு,

சராசரி எழுதாதீர்கள். இரண்டு தடவை நடந்ததும் வேறு வேறு பரிசோதனைகள். யூலையில் கட்டுப்பாடு நீர், டிசம்பரில் டி.எம்.எஸ்.ஓ. ஆகவே யூலையின் 16 மில்லிமீற்றரில் நொச்சியின் பங்கு எவ்வளவு, கரைப்பானின் பங்கு எவ்வளவு என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 16இலிருந்து 9ஐக் கழித்து 7 என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதுவும் பிழை. வலயத்தின் விட்டம் செறிவோடு நேர்கோட்டில் கூடுவதில்லை, கழித்தல் கணக்குக்கு அது இடம் கொடாது. டிசம்பரில் கரைப்பானை மட்டும் ஒரு குழியில் விட்டுப் பார்த்தீர்களே, உங்கள் ஆய்வில் இதுவரை செய்ததில் மிகப் பெறுமதியான வேலை அதுதான். அந்த 9ஐக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள்.

அந்த 9 எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 90 மில்லிமீற்றர் கிண்ணத்தின் பரப்பு ஏறத்தாழ 63.6 சதுர சென்ரிமீற்றர். அதில் 15 மில்லிலீற்றர் ஏகர் ஊற்றினால் தடிப்பு 2.4 மில்லிமீற்றர்தான் வரும். 6 மில்லிமீற்றர் குழியின் வாய்ப் பரப்பு 28.3 சதுர மில்லிமீற்றர். தடிப்பால் பெருக்கினால் அந்தக் குழி கொள்ளக்கூடியது ஏறத்தாழ 67 மைக்ரோலீற்றர். நீங்கள் விட்டதோ 100. மிச்சம் 33 மைக்ரோலீற்றரும் குழியின் விளிம்பைத் தாண்டி மேற்பரப்பில் படர்ந்திருக்கும். விதைத்த பக்டீரியாவின் மேல் நேரடியாகப் படிந்த டி.எம்.எஸ்.ஓ. அங்கே வளர்ச்சியை மங்கச் செய்யும். குழியைச் சுற்றி ஒன்றரை மில்லிமீற்றர் வெறுமை வர அது தாராளமாகப் போதும். குழி வெட்டும்போது ஏகர் அடியிலிருந்து கொஞ்சம் கிளம்பியிருந்தால் திரவம் கீழாலும் கசியும். அப்படியான வலயம் வட்டமாக இராது, ஒரு பக்கம் நாக்கு நீட்டியது போல இருக்கும். படம் எடுத்து வைத்திருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள்.

இதற்குப் பரிகாரம் சின்னது. மியூலர் ஹின்ரன் என்ற வேறு வகை ஏகரை லீற்றருக்கு 38 கிராம் வீதம் கரைத்து, 121 பாகையில் 15 நிமிடம் ஓட்டோகிளேவ் என்ற நீராவிக் கிருமிநீக்கியில் வைத்து, கிண்ணத்துக்கு 25 மில்லிலீற்றர் ஊற்றுங்கள். தடிப்பு 4 மில்லிமீற்றர் வரும், குழி 113 மைக்ரோலீற்றர் கொள்ளும். அதிலும் 50 மைக்ரோலீற்றருக்கு மேல் விடாதீர்கள். குழி வெட்டியதும் உருகிய ஏகரில் ஒரு துளி அடியில் விட்டு அடைத்துவிடுங்கள். ஊற்றுகிற மேசை மட்டமாக இருக்க வேண்டும். மேசை சரிந்திருந்தால் ஒரே கிண்ணத்தில் ஒரு ஓரம் 3, மறு ஓரம் 5 மில்லிமீற்றர் தடிப்பு வந்து, ஒரே மருந்து இரண்டு விட்டம் காட்டும். இதையெல்லாம் விடச் சுலபமான வழியும் இருக்கிறது. வற்றவிட்டுக் கிடைத்த பிரித்தெடுப்பை மெதனோலிலேயே கரைத்து, 6 மில்லிமீற்றர் வடிதாள் வில்லையில் 10 மைக்ரோலீற்றர் வீதம் இரண்டு தடவை விட்டு, மெதனோல் முற்றாக ஆவியான பிறகு வையுங்கள். வெறும் மெதனோல் விட்டு உலர்த்திய வில்லை ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். அதைச் சுற்றி வலயம் வந்தால் மெதனோல் சரியாகப் போகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

நியூட்ரியன்ட் ஏகரைக் கைவிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நுண்ணுயிர்க்கொல்லி வில்லைகளுக்கென வகுத்த எல்லைகள் எல்லாம் மியூலர் ஹின்ரனுக்கு உரியவை. ஆய்வுகூடங்கள் ஒப்பீட்டுக்கு வைத்திருக்கிற ஏ.ரி.சி.சி. 25923 என்ற ஸ்டெபிலோகொக்கஸ் வகைக்கு 10 மைக்ரோகிராம் ஜென்ராமைசின் வில்லை 19 முதல் 27 மில்லிமீற்றருக்குள் வலயம் தர வேண்டும். தராவிட்டால் அன்றைய கிண்ணங்கள் அத்தனையும் கழிவு. அந்த வில்லை இல்லாத நாளில் பரிசோதனையைத் தொடங்கவே வேண்டாம்.

பக்டீரியாவின் அளவைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. இங்கே பலருக்கும் அது விட்டுப்போகிறது. முந்தின நாள் வளர்ந்த குடியிருப்புகளில் நாலைந்தைத் தொட்டு உப்புக் கரைசலில் கலக்கி, 0.5 மக்ஃபார்லண்ட் என்ற நியமக் கலங்கலுக்குக் கொண்டுவாருங்கள். ஒப்பிடுகிற குழாயை நீங்களே செய்யலாம். 1.175 வீத பேரியம் குளோரைட்டில் 0.05 மில்லிலீற்றரை எடுத்து, 1 வீத சல்பூரிக் அமிலம் 9.95 மில்லிலீற்றரில் கலந்தால் அதே கலங்கல் வரும். 625 நனோமீற்றரில் அதன் ஒளி உறிஞ்சல் 0.08க்கும் 0.13க்கும் இடையில் நிற்க வேண்டும். மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 15 கோடி உயிர்கள் என்று அதற்கு அர்த்தம். கூடினால் வலயம் சுருங்கும், குறைந்தால் விரியும். கலக்கியதை 15 நிமிடத்துக்குள் விதைத்துவிடுங்கள். மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடாதீர்கள், பிந்தினால் உயிர்களின் எண்ணிக்கை மாறிவிடக்கூடும். பஞ்சுக்குச்சியால் மூன்று திசையிலும் இழுத்து, 15 நிமிடத்துக்குள் வில்லை வைத்து, 35 பாகையில் 16 முதல் 18 மணித்தியாலம் விடுங்கள்.

இனி இலைக்கு வருவோம். மழைக்காலத்தில் வீரியம் குறையுமா என்று கேட்டீர்கள். செடியின் வேதிப்பொருள்கள் பருவத்தோடு மாறுவது உண்மைதான். நொச்சியின் வாசனைக்குக் காரணமான எண்ணெய், காஸ்ரிசின் என்ற ஃபிளாவனொயிட், அக்னுசைட், நெகுண்டோசைட் ஆகிய இரிடொயிட்டுகள் எல்லாம் இலையின் முதிர்ச்சியோடும் பருவத்தோடும் கூடிக் குறையும். ஆனால் உங்கள் இரண்டு தொகுதிக்கும் இடையில் பருவம் மட்டுமா மாறியது? கச்சான் அடிக்கிற யூலையில் இலை சீக்கிரமே சருகாகிவிடும். மாரியில் அதே இலை நாட்கணக்கில் ஈரம் விடாமல் கிடக்கும். அதற்குள் இலையின் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும், அடுக்கின் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த இலையில் வலயம் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். எப்படியானாலும் அது நொச்சியின் கணக்கில் சேராது.

உலர்ந்ததா என்று தராசைக் கேளுங்கள். ஒரு தட்டு இலையை நாளுக்கு ஒரு தடவை நிறுத்து, அடுத்தடுத்த இரண்டு நாளும் ஒரே எடை காட்டினால் போதும். மாரியில் 40 பாகைக்கு மேற்படாத காற்றோட்ட அடுப்புதான் நம்பிக்கையானது. கையில் எடுத்து மடித்தால் வளையாமல் நொறுங்க வேண்டும், நரம்பும் சேர்ந்து முறிய வேண்டும். தகடு நொறுங்கி நரம்பு வளைந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

கடலோர வேலி இலையில் உப்புத் தூவல் படிந்திருக்கும். உப்பு ஸ்டெபிலோகொக்கஸை ஒன்றும் செய்யாது. 7.5 வீத உப்புள்ள ஊடகத்திலேயே சுகமாக வளர்கிற உயிர் அது. ஆனால் மெதனோலில் உப்பும் கொஞ்சம் கரையும், கரைந்தது பிரித்தெடுப்பின் எடையில் ஏறும். பறித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, உடனே ஈரம் ஒற்றிவிடுங்கள். கடற்கரையோரம் நீர்நொச்சியும் வளரும். நொச்சியில் மூன்று கூறுள்ள இலையும் ஐந்து கூறுள்ள இலையும் வருவதால் கூறுகளை எண்ணி மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. பூவோடு ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, பேராதனைத் தேசிய உலர்தாவரச் சாலையில் இனத்தை உறுதிசெய்யுங்கள். அது இல்லாத ஆய்வில் “நொச்சி” என்பது ஊர்ப்பெயர் அளவில்தான் நிற்கும்.

100 கிராம் தூளுக்கு 500 மில்லிலீற்றர் போதாது. தூளே பெரும்பங்கைக் குடித்துவிடும். கிராமுக்கு 10 மில்லிலீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வற்றவைக்கும்போது நெருப்பு பக்கத்தில் வரவே கூடாது. மெதனோலின் ஆவியும் நஞ்சு, அதன் சுவாலை வெளிச்சத்தில் கண்ணுக்கும் தெரியாது. புகைபோக்கிப் பெட்டிக்குள், முடிந்தால் சுழல் ஆவியாக்கியில் 40 பாகையில் செய்யுங்கள். கடைசியில் கிடைக்கிற கரும்பச்சைப் பிசினில் கரைப்பான் ஒளிந்திருக்கும். எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தாவிட்டால் நீங்கள் நிறுத்த 100 மில்லிகிராமில் 80தான் பிரித்தெடுப்பாக இருக்கக்கூடும். பிரித்தெடுப்பின் விளைச்சல் வீதத்தை இரண்டு தொகுதிக்கும் எழுதுங்கள். பருவ வேறுபாடு உண்மையானால் அதன் முதல் தடயம் அங்கேதான் தெரியும்.

இவ்வளவும் சரியாகச் செய்து நேர்த்தியான 16 மில்லிமீற்றர் வந்தாலும் அது சொல்வது கொஞ்சம்தான். உங்கள் குழியில் விட்ட பிரித்தெடுப்பு 10 மில்லிகிராம். ஜென்ராமைசின் வில்லையில் இருப்பது 10 மைக்ரோகிராம், ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு வலயத்தையும் பக்கத்தில் வைத்து “நொச்சி ஜென்ராமைசினில் எழுபது வீதம் வல்லது” என்று எழுதுவது நோயாளிக்கும் நொச்சிக்கும் செய்கிற அநியாயம். ஏகருக்குள் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பது மூலக்கூறின் பருமனையும் நீரில் அது கரைவதையும் பொறுத்தது. எண்ணெய்த்தன்மையான நல்ல மருந்து குழியோரத்திலேயே நின்றுவிடும், நீரில் கரைகிற சாதாரணப் பொருள் தூரம் ஓடிவிடும்.

ஆகவே ஆகக்குறைந்த தடைச் செறிவு, எம்.ஐ.சி., பாருங்கள். டி.எம்.எஸ்.ஓ.வில் உள்ள 100 மில்லிகிராம் கரைசலில் 40 மைக்ரோலீற்றரை 960 மைக்ரோலீற்றர் மியூலர் ஹின்ரன் குழம்பில் (ஏகர் சேராத திரவ ஊடகம்) கலவுங்கள். 96 குழித் தட்டின் ஒரு வரிசையில் 12வது தவிர எல்லாக் குழியிலும் 100 மைக்ரோலீற்றர் குழம்பு, 12வதில் 200. முதல் குழியில் கலவை 100 விட்டு, கலக்கி, 100 எடுத்து அடுத்ததில் விட்டு, 10வது வரை இறக்கி, கடைசி 100ஐ வீசிவிடுங்கள். மக்ஃபார்லண்ட் கலங்கலை 150 மடங்கு ஐதாக்கி முதல் 11 குழிக்கும் 100 வீதம் விட்டால் குழிக்குள் மில்லிலீற்றருக்கு 5 இலட்சம் உயிர் இருக்கும். முதல் குழியில் பிரித்தெடுப்பு மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம், டி.எம்.எஸ்.ஓ. 1 வீதம். 11வது குழி வளர்ச்சிக் கட்டுப்பாடு, 12வது வெறும் குழம்பு. அடுத்த வரிசையில் பிரித்தெடுப்பில்லாமல் டி.எம்.எஸ்.ஓ.வை மட்டும் அதேபோல இறக்குங்கள்.

18 மணித்தியாலம் கழித்து 0.015 வீத ரெசாசூரின் சாயம் 30 மைக்ரோலீற்றர் விட்டு, இரண்டு முதல் நான்கு மணித்தியாலம் பொறுங்கள். நீலம் நின்றால் வளர்ச்சி இல்லை, இளஞ்சிவப்பானால் உண்டு. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. நொச்சியின் பொலிபீனோல்கள் தாங்களே ரெசாசூரினைச் சிவப்பாக்கக்கூடும். அதனால் மூன்றாவது வரிசையில் பக்டீரியா இல்லாமல் பிரித்தெடுப்பை இறக்குங்கள். அந்த வரிசையும் சிவந்தால் நிறத்தை நம்பாமல், ஒவ்வொரு குழியிலிருந்தும் 10 மைக்ரோலீற்றரைப் புது ஏகரில் வைத்து வளர்கிறதா பாருங்கள். வளர்ச்சியைத் தடுத்ததா, கொன்றேவிட்டதா என்பதும் அதில் தெரிந்துவிடும். மூலிகைப் பிரித்தெடுப்பு ஒன்று மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராமுக்குள் தடுத்தால்தான் மேலே தொடரலாம் என்று இத்துறையில் பொதுவாகக் கொள்வார்கள். உங்களுடையது 1000இலும் தடுக்காமல் போகலாம். அதுவும் ஒரு முடிவுதான், தயங்காமல் எழுதுங்கள்.

அப்படி வந்தால் நொச்சி வீண் என்று ஆகாது. நம் வீடுகளில் நொச்சியை வேது பிடிக்கவும், தைலமாகவும், தலையணையில் சருகாகவும் பயன்படுத்துகிறோம். அதில் எதுவும் மெதனோலில் ஊறியதில்லை, எதுவும் ஸ்டெபிலோகொக்கஸைக் கொல்வதற்கென்று சொல்லப்பட்டதுமில்லை. மருந்து எந்த வடிவில் சொல்லப்பட்டதோ அந்த வடிவையும் ஒரு தடவை சோதியுங்கள். 1971இல் சீனாவின் தூ யூயூ, பழைய ஏடொன்றில் சிங்ஹாவ் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததைக் கவனித்தார். காய்ச்சச் சொல்லவில்லையே என்று யோசித்து, 35 பாகையில் கொதிக்கும் ஈதரால் பிரித்தெடுத்தார். மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் அந்த வழியில் வந்தது, 2015இல் நோபல் பரிசும் வந்தது. ஏட்டில் இருந்த செய்முறைதான் அவருக்குத் துப்புக் கொடுத்தது.

ஆறு கிழமைக்குப் புதிதாக இலை பறிக்க வேண்டாம். மிச்சமுள்ள யூலைத் தூளிலும் டிசம்பர்த் தூளிலும் 30 கிராம் வீதம் எடுத்து, ஒரே நாளில், ஒரே போத்தல் மெதனோலில் 300 மில்லிலீற்றர் வீதம் ஊற்றி ஊற வையுங்கள். ஒரே கிண்ணத்தில் இரண்டையும், கரைப்பானையும், ஜென்ராமைசினையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இதை மூன்று வெவ்வேறு நாளில், ஒவ்வொரு நாளும் புதிதாக வளர்த்த பக்டீரியாவோடு செய்ய வேண்டும். ஒரே நாளில் மூன்று குழி வெட்டினால் அது ஒரு தடவைதான். யூலைத் தூள் ஐந்து மாதம் கூடுதலாகப் போத்தலில் இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். பழைய ஆறு எண்களையும் பின்னிணைப்பில் திகதியோடு போட்டு, யூலையில் கரைப்பான் கட்டுப்பாடு இருக்கவில்லை என்று ஒரு வரி சேருங்கள். ஒவ்வொரு நாளும் முடிந்த கிண்ணங்களைக் குப்பையில் போடாமல் 121 பாகையில் ஓட்டோகிளேவில் வைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.

எம்.ஐ.சி. வந்ததும் மூன்று வரிசைகளும் தெரிகிற மாதிரித் தட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், சேர்ந்து வாசிப்போம்.