வாசகர் கேள்விகள்: வீடு கட்டுவதற்கு மிதிவண்டி எதற்கு?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் படிக்கிறாள். ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டும் நிதிக்காகச் சில வாரங்கள் மிதிவண்டியில் நாட்டைக் கடக்கப் போவதாகச் சொல்லி, மைலுக்கு இவ்வளவு என்று உறவினர்களிடம் நன்கொடை கேட்கிறாள். சைக்கிள் விலையையும் பயணச் செலவையும் நேராக அந்த ஏழைகளிடமே கொடுத்துவிடலாமே? மிதிப்பதற்கும் வீட்டிற்கும் என்ன தொடர்பு? (ஒரு தாய், கும்பகோணம்)

பதில்: உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மிதிவண்டி ஓட்டுவதால் ஒரு செங்கல்கூட நகராது. (அங்கே எளியவர்களுக்காக எழுப்பப்படும் வீடுகளில் செங்கல்லைவிட மரச்சட்டமே மிகுதி என்பது வேறு விஷயம்.) ஆனால் உங்கள் மகள் தன் கைப்பணத்தைப் பேசாமல் கொடுத்திருந்தால், கொடுத்தவர் அவர் ஒருவராகவே இருந்திருப்பார். அவர் புறப்படுவதாக அறிவித்ததால்தான், கும்பகோணத்தில் இருக்கும் நீங்கள் அமெரிக்காவின் ஏதோ ஓர் ஊரில் யாருக்கோ வீடில்லை என்பதைப் பற்றி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவரை வழியில் நிறுத்தி, "என் பேரிலும் உண்டியலில் போட்டுவிடு" என்று பத்து ரூபாயைத் திணிப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அதே பத்து ரூபாயை அஞ்சலில் அனுப்பும்படி கேட்டிருந்தால் அவர்களில் பலர் அனுப்பியிருக்க மாட்டார்கள். ஒருவர் உடல் வருந்தி ஒரு காரியத்தில் இறங்கும்போது, அவரிடம் இல்லையென்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. நிதி திரட்டும் பயணங்கள் அனைத்தும் இந்த மன இயல்பை நம்பித்தான் நடக்கின்றன. எனவே உங்கள் மகளுடைய உண்மையான வேலை மிதிப்பதன்று, கேட்பது. மிதிப்பது அந்தக் கேள்விக்கு அவர் வைக்கும் பிணை.

இவ்வகைப் பயணங்களில் நான் ஓரளவு அறிந்தது, ஜார்ஜியா மாநிலத்து அமெரிக்கஸ் என்னும் சிற்றூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபுல்லர் வீட்டுவசதி மையம் நடத்துவது. 2008-இல் பசிபிக் கரையிலுள்ள சான் டியேகோவிலிருந்து அட்லாண்டிக் பக்கத்துச் சவானா வரை அதன் முதல் பயணம் நடந்தது. நெடுஞ்சாலை வழியே கணக்கிட்டாலும் அது ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர். புறப்படும்போது பின்சக்கரத்தை ஒரு கடலிலும், முடிக்கும்போது முன்சக்கரத்தை மறு கடலிலும் நனைப்பது கரைக்குக் கரை ஓட்டுகிறவர்களின் வழக்கம். இடைப்பட்ட நாட்களில் சொகுசுக்கு வேலையில்லை. தேவாலயக் கூடத்துத் தரையில் படுக்கை. விடியுமுன் எழுந்து, மதியத்துக்கான ரொட்டியைத் தாமே அடுக்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் பாதித் தொலைவைக் கடந்துவிட வேண்டும் என்ற அவசரம். மாலையில் உள்ளூர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் சமைத்துக் கொண்டுவரும் பாத்திரங்களைச் சுற்றி ஒரு கூட்டம். இடையிடையே மிதிவண்டியைச் சாத்திவைத்துவிட்டுச் சுத்தியலைப் பிடிக்கும் நாட்களும் உண்டு. அந்த மாலைக் கூட்டத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வியர்வை காயாத இருபது பேர், தாங்கள் ஏன் ஓட்டுகிறோம் என்று ஓர் ஊரில் நின்று சொல்லிவிட்டுப் போனால், தம் தெருவிலேயே கூரை ஒழுகும் வீடு எது என்று மறுநாள் அவ்வூரார் யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

கேள்வி: அமெரிக்காவில்கூட வீடில்லாத ஏழைகளா? அவர்களுக்கு வீட்டை இலவசமாகவே கொடுத்துவிடுகிறார்களா? (வாசகர், மதுரை)

பதில்: அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் 2023-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கின்படி 3.68 கோடிப் பேர், அதாவது 11.1 சதவீதத்தினர், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தனர். அவர்கள் எல்லாரும் தெருவில் படுப்பவர்கள் அல்லர். சக்கரத்தில் இழுத்துவந்து நிறுத்திய, தரை இற்றுப்போன பழைய வீட்டில் பிள்ளைகளோடு இருப்பவர், கணவர் இறந்தபின் கூரையை மாற்ற வழியில்லாத மூதாட்டி, சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுத்துவிட்டு மீதியில் மாதத்தை ஓட்டுபவர் போன்றோரும் இதில் உண்டு. வேலை இருக்கும், வங்கி கடன் தராது.

இலவசமாகக் கொடுப்பதில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. மில்லர்ட் ஃபுல்லர் என்ற வழக்கறிஞர் முப்பது வயதுக்குள் கோடீஸ்வரராகி, அந்தச் செல்வத்தால் தம் மணவாழ்வு முறியும் நிலைக்கு வந்தபோது, மனைவி லிண்டாவோடு சேர்ந்து சொத்துக்களை விற்றுக் கொடுத்துவிட்டு, ஜார்ஜியாவில் கிளாரன்ஸ் ஜோர்டன் நடத்திவந்த கொய்னோனியா என்னும் கூட்டுப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தார். ஏழைக்குத் தேவை தருமமன்று, முதலீடு என்று ஃபுல்லரும் ஜோர்டனும் கண்ட முடிவிலிருந்து பிறந்ததுதான் இந்தத் திட்டம்: நன்கொடையால் ஒரு பொதுநிதி சேர்ப்பது, அதிலிருந்து இலாபம் வைக்காமல் வீடு கட்டுவது, குடும்பத்தார் தாமும் கட்டட வேலையில் பங்குகொள்வது, வீட்டின் விலையை வட்டியின்றி மாதத் தவணையாகத் திருப்பிச் செலுத்துவது, அந்தத் தவணையை அடுத்த வீட்டில் இடுவது. ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்காதே என்ற விவிலிய யாத்திராகமத்தின் கட்டளையை அவர்கள் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார்கள். இந்த அடிப்படையில் ஃபுல்லர் தம்பதியர் 1976-இல் தொடங்கிய 'ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி' உலகெங்கும் பரவியது. முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் தச்சுக் கருவிகளோடு அதில் உழைத்ததைப் படித்திருப்பீர்கள், 2006-இல் அவர் லோனாவாலாவுக்கு அருகே வந்து நூறு வீடுகள் கட்டும் பணியில் கலந்துகொண்டதும் அந்த அமைப்பின் வழியாகத்தான். 2005-இல் அதிலிருந்து விலக்கப்பட்ட ஃபுல்லர், அதே ஆண்டில் மேற்சொன்ன ஃபுல்லர் வீட்டுவசதி மையத்தைத் தொடங்கி, 2009-இல் காலமாகும் வரை நடத்தினார்.

வட்டியின்மை என்ன செய்யும் என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். 1,00,000 டாலர் கடனை 7 சதவீத வட்டியில் 30 ஆண்டுகளில் அடைப்பவர் மாதம் சுமார் 665 டாலர் கட்ட வேண்டும். முடியும்போது அவர் செலுத்தியிருப்பது ஏறத்தாழ 2,39,500 டாலர். அதே கடன் வட்டியில்லாமல் கிடைத்தால் மாதம் 278 டாலர் போதும். வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணால் முதல் தொகையைத் தொடர்ந்து கட்டுவது அரிது, இரண்டாவதைக் கட்டுவார். மீட்டர் வட்டிக்கும் கந்துவட்டிக்கும் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கூரை மாற்றுவது, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடுவது போன்ற சிறு வேலைகளுக்கு இன்னும் எளிய ஏற்பாடு இருக்கிறது. ஒப்பந்தம் எதிலும் கையெழுத்து வாங்காமல், செலவு இவ்வளவு ஆயிற்று என்று மட்டும் சொல்லிவிட்டு, முடிந்ததை முடிந்தபோது திருப்பித் தரும்படி குடும்பத்தாரின் மனச்சாட்சியிடம் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: திரட்டும் பணம் பயண ஏற்பாட்டிலேயே கரைந்துவிடாதா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கரைந்த வரலாறு உண்டு. 1994-இல் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு மிதிவண்டிப் பயணம் தொடங்கியபோது, அதை ஏற்பாடு செய்தது இலாப நோக்குள்ள ஒரு நிறுவனம். பெருந்தொகை திரண்டது, செலவும் பெரிதாகிவிட்டது என்ற விமரிசனம் வலுத்து, 2002-இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. பயன்பெறும் அமைப்புகளே அவ்வாண்டு முதல் அதே தடத்தில் வேறு பெயரில் பயணத்தை நடத்தத் தொடங்கின; அது 2025 வரை நடந்தது. மாறாக, புற்றுநோய் ஆராய்ச்சிக்காக மாசசூசெட்ஸில் 1980-இல் 36 பேர் ஓட்டி 10,200 டாலர் சேர்த்த பயணம், இன்று ஓட்டுநர்கள் திரட்டுவது முழுவதையும் மருத்துவமனை நிதிக்கே கொடுக்கிறது. நடத்தும் செலவு பதிவுக் கட்டணத்திலிருந்தும் விளம்பரதாரர்களிடமிருந்தும் வருகிறது. ஆகவே கொடுக்குமுன் நீங்கள் கேட்க வேண்டியது, ஓட்டுகிறவரின் சோற்றுக்கும் வண்டிக்கும் யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதைத்தான். பெரும்பாலான அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் வருமானவரித் துறைக்குத் தரும் 'படிவம் 990' யாரும் பார்க்கக்கூடிய பொது ஆவணம். தேவாலயங்களுக்கு இதில் விலக்கு உண்டு.

கேள்வி: அங்கே அனுப்பும் நன்கொடைக்கு இங்கே வரிவிலக்கு உண்டா? (வாசகர், சேலம்)

பதில்: இல்லை. 80ஜி என்று அறியப்படும் நன்கொடை வரிச்சலுகை, இங்கே அதற்கான அனுமதி பெற்ற அமைப்புகளுக்குக் கொடுப்பதற்கே பொருந்தும்.

கேள்வி: எனக்கு 54 வயது. நாள்தோறும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டுகிறேன். இப்படிப்பட்ட பயணத்தில் சேர இயலுமா? ஆபத்து இல்லையா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: வயது தடையன்று; பணி ஓய்வு பெற்றவர்கள் இப்பயணங்களில் கணிசமாகவே இருக்கிறார்கள். ஆபத்து இல்லையென்று சொல்ல மாட்டேன். வீடு கட்டும் நிதிக்கான இளைஞர் பயணம் ஒன்றில், 2015 ஜூலையில் ஓக்லஹோமா மாநிலத்தில், கைப்பேசியில் கண்ணை வைத்துக் காரோட்டியவர் மோதி ஒருவர் இறந்தார், உடன் சென்றவர் படுகாயமுற்றார். தலைக்கவசம், பளிச்சென்ற மேலாடை, பின்விளக்கு ஆகிய மூன்றும் இல்லாமல் உள்ளூர்ச் சாலையிலும் ஏறாதீர்கள்.

நாளுக்கு 100 முதல் 130 கிலோமீட்டர் என்பது வழக்கமான அளவு. ஒரு நாள் அவ்வளவு ஓட்டுவது கடினமில்லை; மறுநாள் அதே சீட்டில் மறுபடியும் உட்காருவதுதான் கடினம். நான் ஒருமுறை சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் போனேன். போனதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, ஏனென்றால் திரும்பியது பேருந்தில், அதிலும் பாதி வழி நின்றபடி. எனவே தொலைவை வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நெடுந்தொலைவு ஓட்டிப் பழகுங்கள். மெத்தை வைத்த கால்சட்டையை உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டும் என்பதைக் கடைக்காரர் கூச்சத்தால் சொல்லாமல் விடுவார். உரசலால் வரும் புண் பயணத்தையே முடக்கிவிடும். பசிக்கும் முன் சாப்பிடுங்கள். பஞ்சர் ஒட்டவும் டியூப் மாற்றவும் வீட்டு முற்றத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறி அமர்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து முழுவதும் கீழே இறக்குங்கள். முழங்கால் நேராக நிற்க வேண்டும். மடிந்திருந்தால் சீட்டை உயர்த்துங்கள். நம்மூரில் பத்தில் எட்டு சைக்கிள்களில் அது இரண்டு விரற்கடை தாழ்வாகவே இருக்கிறது.