அஜினோமோட்டோவை நிறுத்தினால் மறதி குறையுமா?

கேள்வி: 74 வயதான என் அம்மாவுக்கு அல்சைமர். இப்போது புதிதாக மெமன்டைன் எழுதியிருக்கிறார்கள். "மூளையில் குளூட்டமேட்டைக் கட்டுப்படுத்தும்" என்றார் டாக்டர். அஜினோமோட்டோவும் குளூட்டமேட்தானே? அதை நிறுத்தினால் போதாதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: போதாது. சாப்பாட்டில் வரும் குளூட்டமேட்டின் பெரும்பகுதியைக் குடல் செல்களே எரித்துத் தீர்த்துவிடும். மிச்சம் ரத்தத்துக்கு வந்தாலும் மூளையின் தடுப்புச்சுவர் லேசில் உள்ளே விடாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ரசத்துக்குக் கரைக்கும் தக்காளியிலும்தான் குளூட்டமேட் இருக்கிறது! (ரத்த அழுத்தக்காரர்கள் சோடியத்துக்காக அஜினோமோட்டோவைக் குறைப்பது வேறு கணக்கு.)

சிக்கல் மூளைக்குள்ளேயே. நரம்பு செல் சேதி சொல்லக் குளூட்டமேட்டை இடைவெளியில் விடும். பக்கத்து ஆஸ்ட்ரோசைட் செல்கள் அதை உடனே உறிஞ்சிவிட வேண்டும். அல்சைமரில் இந்தத் துப்புரவு மந்தமாகிறது. எதிர் செல்லில் சேதியை வாங்கும் வாசலான என்எம்டிஏ ஏற்பியில் மக்னீசியம் கார்க் போல அடைத்திருக்கும். பலமான சேதிக்குத்தான் விலகும். குளூட்டமேட் தேங்கினால் கார்க் தளர்ந்து கால்சியம் ஓயாமல் கசியும். அந்த இரைச்சலில் நிஜமான சேதி எடுபடாது; நாளடைவில் செல்லே செத்துப்போகும்.

மெமன்டைன், மக்னீசியத்தைவிடச் சற்று இறுக்கமான கார்க். கசிவை அடைக்கும், சேதி வந்தால் வழிவிடும். அடியோடு அடைத்தால் புதிதாக எதுவும் மனதில் பதியாது. அப்படி அடைக்கும் கெட்டமின் என்ற மயக்க மருந்து மயக்கமும் பிரமையும் தருவது அதனால்தான்.

வழக்கமாக முதல் வாரம் தினம் 5 மி.கி.; வாரத்துக்கு 5 கூட்டி, நான்காம் வாரம் 20. அவசரப்பட்டு ஏற்றினால் தலைசுற்றல், குழப்பம் வரும். இரவில் பாத்ரூம் போகும்போது கூடவே போங்கள். மாத்திரை சிறுநீரில்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தாயிற்றா? சிறுநீரகம் மிகவும் பழுதென்றால் நாளுக்கு 10 மி.கி.யைத் தாண்டுவதில்லை. நெஞ்செரிச்சலுக்கு சோடா உப்பு அடிக்கடி குடித்தாலும் மருந்து உடம்பிலேயே தேங்கும். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள இருமல் மருந்து கூடாது. சில நாள் விட்டுப்போனால் பழைய அளவில் தொடராமல் டாக்டரைக் கேளுங்கள்.

போன நினைவு திரும்பாது. சரிவின் வேகம் கொஞ்சம் குறையலாம். அதுவும் நடுத்தர, முற்றிய நிலையில்தான். ஆரம்ப நிலையில் பலன் சொற்பம்.

கேள்வி: அப்படியென்றால் உணவு வழியாக இந்தக் கெடுதல் வரவே வராதா?
– வாசகர், தேனி

பதில்: வரும், கேசரிப் பருப்பால். அதிலுள்ள ஓடிஏபி என்ற பொருள் குளூட்டமேட்டைப் போலவே நடித்து நரம்பைத் தூண்டும். மாதக்கணக்கில் அதையே முக்கிய உணவாகச் சாப்பிட்டவர்களுக்குக் கால்கள் விறைத்து நடை போய்விடுகிறது. நினைவாற்றல் அல்ல, நடை. துவரம் பருப்பில் கலப்படமாக வருவதுண்டு. ஆப்பு வடிவில், மூலை தட்டிய பருப்பு கண்ணில் பட்டால் பொறுக்கி எறிந்துவிடுங்கள்.