அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த 5 வாரச் சம்பளம்

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கிறேன், கிரீன் கார்டு உண்டு. மறதி நோயுள்ள அம்மாவை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டிலேயே பராமரிப்பவருக்கு அரசு சம்பளம் தரும் ஐ.எச்.எஸ்.எஸ். திட்டத்தில் அதற்குச் சம்பளம் வருகிறது. அம்மாவை வைத்துக் காசு பார்க்கிறேன் என்று டெக்சாஸில் இருக்கும் தம்பி, திட்டத்தை நடத்தும் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) அலுவலகத்துக்குப் புகார் கொடுத்துவிட்டான். இப்போது சம்பளம் தரும் மணிநேரத்தைக் குறைத்து நோட்டீஸ் வந்திருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்து அம்மா 5 வாரம் ஆஸ்பத்திரியிலும் நர்சிங் ஹோமிலும் கிடந்தபோதுகூட நான்தான் பக்கத்திலேயே இருந்தேன். அந்த வாரங்களின் சம்பளமும் உழைத்து வாங்கியதுதான். தம்பி மேல் வழக்குப் போடலாமா?

பதில்: தம்பியை விடுங்கள். நோட்டீஸும் பெரிய விஷயமில்லை. அதை எதிர்த்து ஹியரிங் (மேல்முறையீட்டு விசாரணை) கேட்க 90 நாள் உண்டு, குறைப்பு அமலாகும் தேதிக்கு முன்பே கேட்டால் தீர்ப்பு வரை பழைய மணிநேரம் தொடரும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நீங்கள் எழுதியதில் சட்டத்துக்கு முக்கியமானது அந்த 5 வாரம்தான். அம்மா உள்நோயாளியாக இருந்த நாட்களில் நீங்கள் கட்டிலருகே கண்விழித்திருந்தாலும் டைம்ஷீட்டில் ஒரு மணிநேரம்கூட எழுதக் கூடாது. சேர்த்த நாளிலும் வீடு திரும்பிய நாளிலும் வீட்டில் செய்த வேலையை மட்டும் எழுதலாம். மெடி-கால் (வருமானம் குறைந்தவர்களுக்கான மாநில அரசு மருத்துவக் காப்பீடு) ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணத்தின் கணக்கும் உங்கள் டைம்ஷீட்டும் அரசிடமே இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்கத் தம்பி தேவையில்லை.

சரி, அந்த டைம்ஷீட்டுக்கு மறதி நோயுள்ள அம்மா எப்படி ஒப்புதல் கொடுத்தார்? அவர் லாகினில் நீங்களே அழுத்தியிருந்தால், விதி தெரியாமல் எழுதிவிட்டேன் என்ற வாதம் பாதி போய்விடும். மீதியை நீங்களே கெடுத்துக்கொள்ளாதீர்கள். இப்படி என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் நல்ல பிள்ளைகள்தான். விசாரணை அதிகாரி போன் செய்ததும், "தினமும் ஆஸ்பத்திரியில்தான் சார் இருந்தேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அப்புறம் வக்கீலைத் தேடுவார்கள். அதுதான் வாக்குமூலம்.

தொகை 950 டாலரைத் தாண்டினாலே ஃபெலனி (கடுமையான குற்றம்) என்று வழக்குப் போட முடியும். மோசடி என்று தண்டனை கிடைத்தால் 10 வருடத்துக்கு இந்தத் திட்டத்தில் வேலை செய்ய முடியாது. உங்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து கிரீன் கார்டு. மோசடித் தண்டனை நாடுகடத்தல் வரை போகும். இழப்பு 10,000 டாலருக்கு மேல் என்றால் தப்பிக்க வழி மிகக் குறைவு. ஜெயில் இல்லை என்கிறார்களே, குற்றத்தை ஒப்புக்கொண்டு முடித்துவிடலாம் என்று போனவர்கள் மாட்டுவது இங்கேதான்.

ஆகவே அம்மா பெயரில் ஹியரிங் கேட்டு ஒரே வரியில் மனு போடுங்கள், காரணம் எதுவும் எழுத வேண்டாம். கிரிமினலும் இமிக்ரேஷனும் தெரிந்த வக்கீலைப் பிடியுங்கள். 5 வாரப் பணத்தைத் தவணையில் திருப்பித் தருவதாக அவர் மூலம் கவுண்டியிடம் பேசி முடியுங்கள். கட்டுவதால் குற்றம் அழியாது. ஆனால் வழக்காகும் முன் கட்டியவருக்கும் பின் கட்டியவருக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நியாயம் கேட்க நீங்களே கவுண்டி ஆபீஸுக்குப் போகாதீர்கள்.

மணிநேரத்துக்காக அதன் பிறகு வாதாடலாம். அம்மாவைத் தனியே விட முடியாது என்று டாக்டர் படிவத்தில் தெளிவாக எழுதினால், கண்காணிப்பையும் சேர்த்து மாதம் 283 மணி வரைகூடக் கேட்க இடமிருக்கிறது.