பெல்ட் மாற்றியும் கார் கீச்சென்று கத்துகிறது. ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டுமா?

உங்களுடையது 1997 மாடல் மாருதி 800. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தி, சில நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. புது பெல்ட் போட்டும் போகவில்லை, ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு மாற்றாதீர்கள். சத்தம் வரும் நேரமே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது.

ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியிலிருந்து போன கரண்டை ஆல்டர்னேட்டர்தான் திரும்ப ஏற்றுகிறது. முதல் சில நிமிடம் அதற்குச் சுமை அதிகம். உங்கள் வண்டியில் ஒரே வி-பெல்ட் (V வடிவப் பள்ளத்தில் ஓடும் பெல்ட்) வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. ஆல்டர்னேட்டர் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம், சின்னது, அதில் பெல்ட்டுக்குப் பிடிப்பு குறைவு. வழுக்கினால் முதலில் அங்கேதான் வழுக்கும். சோதித்துப் பார்ப்பது சுலபம்: சத்தம் அடங்கியபின், ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஹெட்லைட்டையும் ப்ளோயரையும் சேர்த்துப் போடுங்கள். மறுபடி கத்தினால் அதே வழுக்கல்தான். ஏசி போடும்போது மட்டும் கத்தினால் கம்ப்ரஸர் பெல்ட்டைப் பாருங்கள்.

பேட்டரியையும் விட்டுவிடாதீர்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.2க்கும் கீழே போனால் பேட்டரி பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. ஆல்டர்னேட்டர் அதிக நேரம் திணறும், பெல்ட்டும் அதிக நேரம் கத்தும்.

அடுத்து, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, இரண்டு புல்லிக்கு நடுவில் பெல்ட்டைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கினால் சரி. அரை அங்குலத்தைத் தாண்டினால் லூஸ். லூஸ் என்றதும் கம்பியால் நெம்பி விறைப்பாக ஏற்றிவிடுகிறார்கள், அது வேண்டாம். சத்தம் நிற்கும், ஆனால் கொஞ்ச நாளில் வாட்டர் பம்ப் பேரிங் போய்விடும். சோப்பு, மெழுகு தடவுவதையும் நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். எண்ணெய்க் கசிவு பெல்ட்டில் பட்டிருந்தால் கசிவை நிறுத்திவிட்டுப் பெல்ட்டை மாற்றுவதுதான் வழி.

புது பெல்ட்டும் கத்துகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது புல்லியைத்தான். என்னிடமிருந்த பழைய கார் ஒன்றில் பெல்ட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஆல்டர்னேட்டர் புல்லியின் பள்ளத்தில் அடிப்பக்கம் புது எவர்சில்வர் மாதிரி பளபளத்தது. பெல்ட் இரு பக்கச் சுவரையும் கவ்வித்தான் ஓட வேண்டும்; அடியைத் தொடவே கூடாது. சுவர் தேய்ந்து பெல்ட் உள்ளே இறங்கிவிட்டால் எவ்வளவு டைட் செய்தாலும் பிடிப்பு வராது. புல்லியை மட்டும் மாற்றினேன், சத்தம் நின்றது. அகலம் குறைந்த பெல்ட்டைப் போட்டாலும் இதே கதைதான், அதனால் பழைய பெல்ட்டின் எண்ணோடு புதியதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீளமாகக் கத்தாமல் குருவி போல விட்டு விட்டுக் கீச்சிட்டால் புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஓடும் பெல்ட்டில் தூரத்திலிருந்து கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சுங்கள். சத்தம் கூடினால் டென்ஷன் குறைவு. ஒரு நிமிடம் அடங்கித் திரும்ப வந்தால் கோணல். வேட்டி நுனி, துப்பட்டா எதுவும் அருகே தொங்கக் கூடாது.

கடைசியாக பேரிங். பெல்ட்டைக் கழற்றிய நிலையில் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றி, முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். வாட்டர் பம்ப் ஆடினாலோ, அதனடியில் கூலன்ட் கறை இருந்தாலோ உடனே மாற்றுங்கள், தள்ளிப்போட்டால் எஞ்சின் சூடேறிவிடும். ஆல்டர்னேட்டர் கரகரவென்று சுற்றினால் மட்டுமே அதன்மேல் கை வைக்கலாம். அப்போதும் எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் அளக்கும் சார்ஜிங் 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் இருந்தால் முழு ஆல்டர்னேட்டர் வாங்க வேண்டியதில்லை. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் பேரிங்கை மட்டும் மாற்றித் தருவார்.