ஓரம் பிசிறிய அட்டைகள்

கேள்வி: பக்கத்துத் தெருவில் நடந்த கராஜ் விற்பனையில் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய 1979, 80 காலத்து ஹொக்கி ஆட்டக்காரர் படம் போட்ட அட்டைகளை ஐந்து டொலருக்கு வாங்கினேன். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவை அமெரிக்காவின் டொப்ஸ் கம்பனி அட்டைகளைப் பார்த்துக் கனடாவில் அடித்த மட்டமான நகல்கள். ஓரத்தைப் பார், எலி கடித்ததுபோல் இருக்கிறது" என்றார். உண்மையா?
– வாசகர் ஒருவர், மார்க்கம்

பதில்: உங்கள் மைத்துனரைக் கோபிக்க எனக்குத் தகுதியில்லை. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். மூடப்போகும் ஒரு பழைய புத்தகக் கடையில் உங்களுடையவை போலவே, ஓ-பீ-சீ என்ற கனடியக் கம்பனியின் அட்டைகள் ஒரு கட்டு கிடைத்தன. விளிம்புகள் பழந்துவாய்போல் பிசிறிக்கொண்டு நின்றன. யாழ்ப்பாணத்தில் அச்சகத்தில் வேலை பார்த்தவன் நான். கை சும்மா இருக்குமா? இரும்பு அடிமட்டத்தை வைத்து, புதுப் பிளேடால் எட்டு அட்டைகளை அழகாகச் சீவிவிட்டேன். பிறகு அவற்றை ஓர் அட்டைக் கடையில் நீட்டினேன். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் என் அட்டையைத் தன்னுடைய அட்டையொன்றின்மேல் வைத்துப் பார்த்தார். என்னுடையது ஒரு மயிரிழை குறைவு. எட்டையும் என் பக்கமே தள்ளிவிட்டார்.

அந்தப் பிசிறு பிறவிக்குறி. பெரிய அச்சுத் தாள்களை ஓ-பீ-சீயில் கத்தியால் வெட்டாமல் கம்பியால் அறுத்தார்கள் என்று எனக்கு விளக்கியவரும் அதே கடைக்காரர்தான். அமெரிக்க டொப்ஸ் அட்டையின் விளிம்பு பெரும்பாலும் நேராக, மழுமழுவென்று இருக்கும். ஓ-பீ-சீ அட்டையின் ஓரம் அளவுக்கு மிஞ்சி நேர்த்தியாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். என்னைப்போல் ஒருவன் பிளேடும் கையுமாக எங்கோ இருந்திருக்கலாம்.

நகல் என்பதும் சரியில்லை. ஓ-பீ-சீ, ஒன்ராறியோவின் லண்டன் நகரில் 1911இல் சகோதரர் இருவர் தொடங்கிய சுவிங்கம் கம்பனி. 1933இலேயே ஹொக்கி அட்டை போட்டது. டொப்ஸ் ஹொக்கிப் பக்கம் வந்ததே 1954இல்தான். ஐம்பதுகளின் கடைசியில் இரண்டு கம்பனிகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. முகப்பில் ஒரே படம், ஒரே வடிவமைப்பு இருப்பது அதனால்தான்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டொப்ஸில் ஆங்கிலம் மட்டும். உங்களிடம் உள்ளவற்றில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒரே விளையாட்டு வீரனின் கதையை அந்தச் சிறிய இடத்தில் இரண்டு மொழியில் அடக்க அச்சுக்கோப்பவர் பட்ட பாட்டை நினைத்தால், தொழில் தெரிந்தவன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் இரக்கம் வரும்.

எண்ணிக்கையும் வேறு. 1979-80 பருவத்தில் டொப்ஸ் 264 ஹொக்கி அட்டைகளோடு நிறுத்திக்கொண்டது. ஓ-பீ-சீ 396 போட்டது. அமெரிக்கச் சிறுவன் கேள்விப்பட்டிராத ஆட்டக்காரனுக்கும் இங்கே ஏதோ ஒரு சிற்றூரில் ரசிகன் இருந்தான். இரண்டு தொகுதிகளிலும் 18ஆம் எண் ஒருவரே: கனடாவின் புகழ்பெற்ற ஹொக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி, அவருடைய முதல் அட்டை. நீல விளிம்பு, கொஞ்சம் உரசினாலும் மை உதிர்ந்து வெள்ளை தெரிந்துவிடும். மிக உயர்ந்த தரம் பெற்ற ஓ-பீ-சீ பிரதி ஒன்று 2021இல் 37.5 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோனது. 2024இல் கனடாவின் றெஜைனா நகரில் ஒரு குடும்பத்திடம் இருந்த, பிரிக்கப்படாத பெரும் பெட்டி ஒன்று ஏலத்துக்கு வந்தது. உள்ளே 16 சிறுபெட்டிகள், ஒவ்வொன்றிலும் 48 பொதிகள், பொதிக்கு 14 அட்டைகள். வாங்கியவர் கொடுத்தது 37.2 இலட்சம் அமெரிக்க டொலர், உள்ளே எத்தனை கிரெட்ஸ்கி என்று பார்க்காமலே!

உங்கள் பெட்டியில் 18 இருந்தால் துள்ளிக் குதிக்குமுன் உருப்பெருக்கிக் கண்ணாடியால் எழுத்துகளைப் பாருங்கள். அசலில் கறுப்பு எழுத்து கெட்டியான மையாக இருக்கும். படம்பிடித்து அடித்த போலியில் அதுவும் புள்ளி புள்ளியாகச் சிதறும். கிரெட்ஸ்கிக்குப் போலிகள் ஏராளம்.

கேள்வி: என்னிடம் 1972ஆம் ஆண்டு கில் ஹொட்ஜஸ் பேஸ்போல் அட்டைகள் இரண்டு உள்ளன. ஒன்றின் முகப்பில் மட்டும் அவர் இறந்த திகதி அச்சாகியிருக்கிறது. யாராவது பின்னர் சேர்த்த குறும்பா?
– வாசகி ஒருவர், ஸ்காபரோ

பதில்: குறும்பு இல்லை, அதுதான் கனடியப் பதிப்பு. நியூயோர்க் மெட்ஸ் அணியை நடத்திக்கொண்டிருந்த ஹொட்ஜஸ் 1972 ஏப்ரல் 2இல் திடீரென்று மாரடைப்பால் இறந்தார். டொப்ஸ் அட்டையில் அந்தச் செய்தி கிடையாது. ஓ-பீ-சீ ஒரு வரி சேர்த்தது. எழுபதுகளின் பின்பகுதியில் ஆட்டக்காரர் அணி மாறினாலும், "இப்போது இன்ன அணியில்" என்று முகப்பிலேயே போட்டுவிடுவார்கள். டொப்ஸுக்குப் பிந்தி அச்சடிப்பதில் உள்ள வசதி அது. நம் பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பக்கத்தை முதலில் புரட்டிப் பழகிய எனக்கு, சுவிங்கத்தோடு வந்த அட்டையிலும் அப்படியொரு வரி இருப்பது பிடிக்கும். பேஸ்போலில் மட்டும் அட்டைகளின் எண்ணிக்கை தலைகீழ்: அந்த ஆண்டு டொப்ஸ் 787, ஓ-பீ-சீ 525.

கேள்வி: பேரனின் பழைய அட்டைகளை லமினேற் செய்து சுவரில் மாட்டலாமா?
– தாத்தா ஒருவர், பிரம்ப்டன்

பதில்: வேண்டாம், ஐயா. மெல்லிய பிளாஸ்ரிக் உறையில் இட்டு அலுமாரியில் வையுங்கள். நிலக்கீழ் அறை வேண்டாம், ஈரம் ஏறும். கட்டுக்கு றப்பர் வளையம் போட்டிருந்தால் இன்றிரவே கழற்றிவிடுங்கள்.