தட்டைப் பாதத்துக்கு இன்சோல் தேவையா?

கேள்வி: என் 7 வயது மகன் குளித்துவிட்டு வரும்போது, சிமென்ட் தரையில் பாதம் முழுவதும் பதிகிறது. வலி இல்லை. ஷூவுக்குள் இன்சோல் வைத்தால் பாதத்தில் வளைவு உண்டாகுமா?

பதில்: உண்டாகாது. நடக்கும்போது உள்வளைவைத் தாங்கி வலியைக் குறைக்குமே தவிர, இன்சோல் பாதத்தின் அமைப்பை மாற்றிவிடாது. கைக்குழந்தைகளின் பாதம் தட்டையாகத்தான் தெரியும். பெரும்பாலோருக்கு 10 வயதுக்குள் வளைவு தானாகவே உருவாகிவிடும். மகனைக் குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பாருங்கள்: அப்போது வளைவு தோன்றினால், வலி இல்லாதவரை சிகிச்சையே வேண்டாம். வளைவு தோன்றாமல் பாதம் விறைப்பாக இருந்தாலோ, ஒரு கால் மட்டும் தட்டையாக இருந்தாலோ, வலியால் அவன் விளையாட மறுத்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் இன்சோல் பரிந்துரைத்தால், குதிகாலை இறுகப் பிடிக்கும் ஷூவில்தான் அது பயன்படும். செருப்பில் வைத்தால் நழுவிவிடும்.